மூன்றாவது கோல்

"கன்னத்தைக் கொஞ்சம் உப்பிக் குடு லேத்து," என்றார் சலூன் மாமா.

அப்பா உப்பவில்லை. சலூன் மாமாவே இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை இறக்கினார். கைதான் இங்கே இருந்தது, வாய் எப்போதோ மைதானத்துக்குப் போய்விட்டது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தபால் மாமா, அந்தப் பழைய கால்பந்து ஆட்டத்தின் நிமிடக் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தார்.

ஆயுசு முழுக்க லேத் பட்டறையில் இரும்பு கடைந்த மனிதர் என்பதால் அப்பா இவர்களுக்கு 'லேத்து'. நான்கு நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை. காலையில் வந்த நர்ஸ், நாடி பார்த்துவிட்டு மகளை வாசல் வரை கூட்டிப்போனாள்.

"இன்னைக்குத் தாண்டாதுங்க. ஆனா காது கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. பேசிக்கிட்டே இருங்க."

எதைப் பேசுவது? பார்சல் வேன் ஓட்டுகிறவள் அவள். ஒரு வாசலில் இரண்டு நிமிடம் நின்றால் அதிகம். கையெழுத்தை வாங்கினோமா, அடுத்த தெருவைப் பார்த்தோமா என்று பழகிய உடம்பு, நாற்காலியில் தரிக்க மறுத்தது. ஃபேனைக் குறைத்தாள், கூட்டினாள். திரையை இழுத்தாள், வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி விலக்கினாள். வேன் சாவி கையிலேயே இருந்தது. "அப்பா, நான்தான்பா," என்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அதற்கு அசையாத இமை, சலூன் மாமா பந்தைப் பற்றி எடுத்ததும் லேசாகத் துடித்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இந்த நேரத்திலுமா என்று வெட்கமாகவும் இருந்தது.

கத்தி தாடைக்கு வந்தது, கதை எழுபத்தைந்தாவது நிமிடத்துக்கு வந்தது.

"ரெண்டுக்குப் பூஜ்யம். பைனல். துறைமுகத்துக்காரன் கப்பைத் துடைச்சே வச்சுட்டான். பாதி ஜனம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயாச்சு. அப்பத்தானேம்மா ஆரம்பிச்சது நம்ம பட்டறை டீம்."

"எழுபத்தெட்டு," என்றார் தபால் மாமா.

"சரி, எழுபத்தெட்டு. மூணாவது கோல் விழுந்தப்போ உங்கப்பா என் தோள்லயே ஏறிட்டாரு. என் சட்டை கிழிஞ்சுபோச்சு."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவேனா என்றது.

இருபத்தொன்பது வருடமாக இந்தத் தோள் கதையைக் கேட்கிறாள். அப்பா அந்தத் தோளில் ஏறவே இல்லை. அந்த நேரத்தில் அவர் பஸ் நிறுத்தத்தில் இருந்தார், அவளோடு.

எட்டு வயதில் முதல்முறையாக மைதானத்துக்கு அழைத்துப்போயிருந்தார். வெயிலும் நெரிசலும் ஒத்துக்கொள்ளாமல் அப்பாவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நிறுத்தத்தில், நனைத்த கைக்குட்டையால் அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதல் சத்தம் வந்தது. அப்பாவின் கை நின்றது, பிறகு மறுபடி துடைத்தது. இரண்டாவது சத்தத்துக்கு, "திரும்பிப் போலாமாப்பா?" என்று கேட்டாள். "உனக்கு உடம்பு சுடுதுடா," என்றார். மூன்றாவதற்கு நிறுத்தத்தின் தகரக் கூரையே அதிர்ந்தது. அப்பா மைதானத்தின் பக்கம் திரும்பவில்லை. பஸ் ஏறியதும் சொன்னார்: "நாம நடுவுல வந்ததை யார்கிட்டயும் சொல்லாத."

அந்த வாரக் கடைசியிலேயே, நேரில் பார்த்தவர் மாதிரி அந்த கோலை விவரித்துக்கொண்டிருந்தார். போகப் போக, பார்த்தவர்களைவிட நன்றாகச் சொன்னார். ஊரே பேசும் ஆட்டத்தை மனுஷனுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டோம், அதை வெளியே சொல்லக்கூட வெட்கப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளும் மைதானத்துக்கு வருகிறேன் என்று கேட்டதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பொய் சொன்னது இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளுமே என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்றைக்கு வந்து நிற்கிறது.

அப்பாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது.

"மாமா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அப்பா அந்த கோலைப் பார்க்கல."

கத்தி காதோரத்தில் நின்றது. சலூன் மாமா தபால் மாமாவைப் பார்த்தார்.

"எனக்கு வாந்தி வந்துச்சு. என்னாலதான் பாதியில வந்துட்டாரு."

"தெரியும்மா," என்றார் தபால் மாமா.

"தெரியுமா?"

"மைதானத்து கேட் பக்கத்துல நின்ன ஆளுங்களைத் தள்ளி உங்களுக்கு வழி விட்டதே நான்தான். உன் தலை அவர் தோள்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு." தபால் மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மறுநாள் பட்டறையில ஒருத்தன் கேட்டானாம், பொட்டப்புள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஆட்டத்தையே கெடுத்துக்கிட்டியாமேன்னு. யார் சொன்னா, நான் கடைசி வரைக்கும் இருந்தேனேன்னுட்டாரு. சாயங்காலம் எங்ககிட்ட வந்து, என் புள்ளையை ஒருத்தனும் அப்படிப் பேசக்கூடாதுடா, நான் இருந்தேன்னு நீங்களும் சொல்லிடுங்கன்னாரு."

"சொல்லிட்டோம்," என்றார் சலூன் மாமா. "சட்டை கிழிஞ்சது என் சொந்தச் சரக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகி, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் எதற்காகத் தன்னைத் தின்றுகொண்டிருந்தோம் என்று கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"அப்ப ஒரு தடவைகூட அந்த கோலை நீங்க அவருக்குச் சொன்னதில்லையா?"

"பார்த்தேன்னு சொன்ன ஆளுக்கு எப்படிம்மா சொல்றது? பக்கத்துல நாங்க யாருக்காவது சொல்லும்போது கேட்டுப்பாரு. அப்படிப் பொறுக்கிச் சேர்த்ததுதான் எல்லாம்."

அவள் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கட்டிலில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, இரும்புத் துகள் ஏறிக் கறுத்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க மாமா. பார்க்காத ஆளுக்குச் சொல்ற மாதிரி, முதல்ல இருந்து."

சலூன் மாமா கத்தியை மடக்கி வைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை அப்பாவின் காதருகே இழுத்தார். தொண்டையைச் செருமினார். ஆயிரம் தடவை சொன்ன கதைக்கு அவருக்கு முதல் வார்த்தை கிடைக்கவில்லை.

"லேத்து," என்றார் கடைசியில். "நீ கிளம்பினப்புறம் என்ன ஆச்சுன்னா..."

அப்பாவின் இமை துடித்தது.

முதல் கோல் பெனால்டி. இரண்டாவது, துறைமுகத்துக்காரனே தன் வலைக்குள் உதைத்துக்கொண்டது. அதில் தபால் மாமா குறுக்கிடவில்லை. மூன்றாவதற்கு முந்தின கார்னரை விளக்க, சலூன் மாமா நுரைக் கிண்ணத்தைக் கொடிக்கம்பத்துக்கும் பிரஷ்ஷை கோல்கீப்பருக்கும் வைத்தார்.

"பந்து உசரத்துல வருது. கோலி குத்துறான். சரியா படல. அங்க யாரு நிக்கிறான்? நம்ம சுண்டெலி. டீம்லயே குட்டை. வாழ்க்கையில தலையால ஒரு பந்தைத் தொட்டவன் இல்ல..."

இறங்கிய மார்பு ஏறவில்லை. அவள் காத்திருந்தாள். தபால் மாமாவும் அதைக் கவனித்துவிட்டு எழப்போனார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சலூன் மாமாவின் பார்வை எங்கோ சுவரைத் தாண்டி மேலே, பந்தின் மேல் இருந்தது.

"அப்புறம் மாமா?" என்றாள்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். அப்பாவின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் நுரை காயாமல் ஒட்டியிருந்தது. அவள் துண்டின் ஈர முனையை எடுத்து, அவசரப்படாமல் அதைத் துடைத்தாள்.