மலைமேல் ஒட்டிய முகம்

அழுதுகொண்டே வாசலேறிய செல்வப்பிரியா, அப்பாவின் தலைமாட்டில் மாலை போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். தேவிகுளத்திலிருந்து இருட்டோடு கிளம்பி மூன்று பஸ் மாறி வந்தவள். அவள் ஒப்பாரியைத் தொடங்கினால் கூடவே மூக்கைச் சிந்தலாம் என்று காத்திருந்த வடகரப்பதி ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

அவள் பார்த்தது அப்பாவின் முகத்தையல்ல, அதைச் சுற்றியிருந்த ஈட்டிமரச் சட்டத்தை.

அந்தச் சட்டத்துக்குள் முன்பு இருந்த படத்தின் கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களையும் அவள் அப்பா சென்னிமலை விட்டுவைக்கவில்லை. மகளைத் தேவிகுளம் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்க்கப் போனபோது, ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து வெளியே போட்டிருந்த குப்பையில் கிடந்ததாம். கும்பினிப் பட்டாளத்தோடு பாலக்காட்டுக் கணவாய் வழியே போன ஒரு துரை, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வரைந்த மலை. சீமையில் அச்சடித்தது. அடியிலிருந்த இங்கிலீஷை மகள்தான் வாசித்துச் சொன்னாள். பிடித்துக்கொண்டது பைத்தியம். எரு வாங்க வந்தவரைக்கூட நிறுத்தி, "நம்ம தோட்டத்துல நின்னு பாத்தா தெரியற மலைதானுங்க இது" என்பார். அடிவாரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு கடுகளவு ஓர் ஆள் நிற்பான். அவன் தம் பாட்டனுக்குப் பாட்டன் என்பார். கடுகில் என்ன முகஜாடை என்று கேட்டவர்களுக்கு அந்த வீட்டில் காப்பி கிடைக்காது. மனைவி மருதாத்தாள் அந்தப் படத்துக்கு வைத்திருந்த பெயர், சக்களத்தி.

மகனுக்கும் மகளுக்கும் பாகம் பிரித்தபோது, "தோட்டம் மோகனுக்கு, மலை அம்மிணிக்கு" என்றார் சென்னிமலை. கேட்டவர்கள் சிரித்தார்கள். செல்வப்பிரியா சிரிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"ஏனுங்ணா, இதுக்குள்ள இருந்த படம் எங்கீங்ணா?"

அண்ணன் மோகனசுந்தரம் அப்போதுதான் கண்ணீர் அஞ்சலி போஸ்டரோடு ஆளை வாளையார் வரைக்கும் அனுப்பிவிட்டு வந்திருந்தான். போஸ்டரில் செத்தவர் பெயரைவிட அவன் பெயர் கொஞ்சம் பெரிது. அவன் பொறுமையாக விளக்கினான். அப்பாவின் போட்டோவைக் கலர் ஜெராக்சில் பெரிதாக்கிக் கொடுத்த கடைக்காரர், சட்டம் போடச் சாயங்காலம் ஆகும் என்றுவிட்டார். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். தலைமாட்டில் படமில்லாமல் கிடத்தினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

"அதும்மேலயே ஒட்டிட்டேன், புள்ள. அட்டையாட்டம் கெட்டியாத்தான இருந்துச்சு."

"எதுல ஒட்டுனே?"

மரியாதை அங்கேயே கழன்று விழுந்ததை எல்லோரும் கவனித்தார்கள்.

"போஸ்டருக்குக் காச்சுன மைதாப் பசைலதான்."

செல்வப்பிரியா நேரே போய் மாலையைக் கழற்றி அப்பாவின் காலடியில் வைத்தாள். சட்டத்தைத் தூக்கினாள். பறைகூட ஒரு நொடி நின்றது என்று பக்கத்து வீட்டுக் கமலாத்தாள் இன்றும் சொல்கிறாள். அன்று அவள் சொன்னது வேறு: "எடுக்கறதுக்கு முன்னால படத்த எறக்கக் கூடாது கண்ணு."

மோகனசுந்தரம் பாய்ந்து சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தான். நடுவில் சென்னிமலை, கோடி வேட்டியில், யாருக்கும் பதில் சொல்லாமல் கிடந்தார்.

"அப்பா மூஞ்சியக் கிழிக்கப் போறியா? சனமெல்லாம் பாக்குது."

"மூஞ்சி பாக்கோணும்னா அப்பாவே படுத்திருக்கறாரு. பாத்துக்கச் சொல்லு."

"அம்மிணி, வுடு. காரியம் முடியட்டும்."

"காஞ்சுபோச்சுன்னா அப்பறம் எப்படி உரிக்கறது? தோட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்டே, போட்டேன். ஒரு வார்த்த கேட்டனா? மல எனக்குன்னாரு அப்பா. வுடு கைய."

அவன் விட்டான். தோட்டம் என்ற சொல் சம்பந்தி வீட்டார் காதில் விழுந்துவிட்டதே என்ற பயத்தில்தான் விட்டான் என்பது ஊரின் தீர்ப்பு. மருதாத்தாள் மட்டும் கணவரின் கால்மாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குப் படமில்லாமலே எடுத்தார்கள். செல்வப்பிரியா முறைப்படி சுற்றி வந்தாள், அரிசி போட்டாள், ஆனால் அழவில்லை. அண்ணன் நெருப்புச்சட்டியோடு முன்னால் நடந்தபோது அவன் முதுகைத் தெருமுனை வரைக்கும் முறைத்துக்கொண்டே நின்றாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரும் கிழிந்த துணியுமாகச் செல்வப்பிரியா உட்கார்ந்தாள். ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைப் பிரித்தாள். நனைத்து நனைத்து, விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். அப்பாவின் நெற்றி சுருண்டு வந்தது. அதனடியில் வானம், பாதி நிறம் போய். மாட்டுக்காரன் நின்ற இடம் பசையோடு பெயர்ந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

மருதாத்தாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். முந்தானை நுனியைச் சொம்பில் நனைத்து, கீழோரத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள். கன்னம் போயிற்று, காது போயிற்று. மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சரிவின் நடுவில் மட்டும் மீசையின் ஒரு பாதி விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வப்பிரியா அதைச் சுரண்ட நகத்தை வைத்தாள்.

மருதாத்தாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, மீசையைச் சுற்றித் துடைத்தாள்.