பின்வளவுப் பூட்டு

"தண்ணியைக் குடி, பிள்ளை," என்று மியூரியல் ரீச்சர் செம்பை யசிந்தாவின் வாயருகே கொண்டுபோனார். யசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரீச்சர் வீட்டுக் கிணற்றடியில் மயங்கி விழுந்தவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். உதடு வெடித்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. தாய் யோசப்பின் அவளை மடியில் தாங்கியிருந்தாள்.

ரீச்சருக்குக் கோபம் வந்தது. "கிணத்தைத் திறந்துதானே விட்டிருக்கிறம், யோசப்பின்? விரும்பின அளவு அள்ளுங்கோ எண்டும் சொன்னனான். வயித்திலை பிள்ளையோடை தண்ணி குடிக்காமல் இருக்கிறது என்ன பிடிவாதம்?"

"குடிச்சால் பிறகு போகவேணும், ரீச்சரம்மா. எங்கை போறது?"

ரீச்சர் செம்பைக் கீழே வைத்தார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், கரையூர் என்றும் சொல்லப்படும் குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபோது பன்னிரண்டு மீன்பிடிக் குடும்பங்கள் அரியாலைக்கு ஓடிவந்து, ரீச்சர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்கின. அங்கே கூரை இருந்தது. கிணறு இல்லை, கக்கூசும் இல்லை. ரீச்சர் தன் கிணற்றைத் திறந்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதைச் சொல்லிப் பாராட்டினார்.

ஆனால் பின்வளவில், வேலியோரத்தில், சீமெந்தால் கட்டிய கக்கூஸ் ஒன்றும் இருந்தது. வந்த முதல் கிழமையே, பெண்களுக்காவது அதைத் திறந்துவிடச் சொல்லி யோசப்பின் கேட்டாள். "குழி நிறைஞ்சிடும்," என்றார் ரீச்சர். அடுத்த நாளே கணவர் ஜோர்ஜைக் கடைக்கு அனுப்பிப் பூட்டு வாங்குவித்ததும் அவர்தான். குழி பெரிய குழி. இருபது வருடமாகியும் பாதிகூட நிறையவில்லை.

பெண்கள் விடியுமுன் பனங்காணிக்குள் போய்வந்தார்கள். பகலில் அங்கே போகும் ஒழுங்கை முழுக்க ஆட்கள். மேலே ஆமி ஹெலிகொப்டர் வந்தால் ஓடி ஒளியவும் இடமில்லை. அதனால் விடிந்தபின் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ரீச்சருக்கு இது தெரியாது. அவர் கேட்டதுமில்லை.

யசிந்தாவின் புருஷன் கிறகோரி எங்கேயோ ஒரு காரைப் பிடித்துவந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ரீச்சரும் கூடப் போனார்.

"சலத்திலை கிருமி," என்றார் டொக்டர். "கன நாளாய்ச் சலம் போகாமல் அடக்கி வைச்சிருக்கிறா."

மூன்றாம் நாள் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. ஒரு மணித்தியாலம் உயிரோடு இருந்தது.

ரீச்சர் வீட்டுக்கு வந்ததும் ஜோர்ஜின் முன்னால் கையை நீட்டினார். "சாவியைத் தாங்கோ."

"பிள்ளை செத்ததுக்கும் எங்கடை கக்கூசுக்கும் என்ன சம்பந்தம்?"

"டொக்டரைப் போய்க் கேளுங்கோ."

"தண்ணி குடுக்கிறம். அது காணாதோ? கரையூர்ச் சனம் குந்தின இடத்திலை நான் குந்தமாட்டன், மியூரியல்."

"நானும் இதைத்தான் நினைச்சனான். உங்களைப்போலை வாய்விட்டுச் சொல்ல வெக்கப்பட்டு, குழியிலை பழியைப் போட்டனான்."

ஜோர்ஜ் சாவியை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ரீச்சர் பூட்டையும் சாவியையும் கொண்டுபோய் யோசப்பினிடம் கொடுத்தார். "இனி உங்களிட்டையே இருக்கட்டும்."

யோசப்பின் அவற்றை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனியிலை கேட்டனான், ரீச்சரம்மா," என்றாள்.

மறுநாளிலிருந்து ஜோர்ஜ் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண நகருக்குள் இருந்த தம்பி கனகரட்ணம் வீட்டுக்குப் போய்க் காலைக்கடன் முடித்து வந்தார். ஷெல்லுக்குப் பயந்து சந்தைக்கே போகாத மனிதர், இதற்காக இரண்டு மைல் மிதித்தார். ரீச்சர் தடுக்கவில்லை.

எட்டாம் நாள் காலை பொம்மர் விமானம் வந்து வட்டமிட்டது. தெருவில் ஒரு சனம் இல்லை. வாசல் படலை வரை போன ஜோர்ஜ், சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். வயிற்றில் கையை வைத்தபடி சற்று நேரம் முற்றத்தில் நடந்தார். பிறகு வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

அங்கே நான்கு பெண்கள் நின்றார்கள். முதலில் நின்றவள் யசிந்தா. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். பால் கட்டிய மார்பைத் துவாயால் மூடியிருந்தாள். ஜோர்ஜைக் கண்டதும் நான்கு பேரும் வேலியோடு ஒதுங்கினார்கள்.

"ஐயா முதலிலை போகட்டும்," என்றாள் யசிந்தா.

குசினி வாசலில் நின்ற ரீச்சருக்கு அது கேட்டது. இறங்கி வந்தார்.

"நீ போ, பிள்ளை. ஐயா நிப்பார்."

யசிந்தா அசையவில்லை. ஜோர்ஜின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாளியைக் கீழே வைத்தார். நிலத்தைப் பார்த்தபடி, கடைசியில் நின்றவளுக்குப் பின்னால் போய் நின்றார்.

யசிந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு தும்புத்தடியால் உரஞ்சும் சத்தம். மீண்டும் தண்ணீர். மீண்டும் உரஞ்சல். ஐயா வரப்போகும் இடம் என்று அவள் நிலத்தையும் சுவரையும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போதும், யசிந்தா. வெளியிலை வா," என்றார் ரீச்சர்.

உள்ளே உரஞ்சும் சத்தம் நிற்கவில்லை.