ஒரு பக்கத் தேய்மானம்

ராசாங்கத்தின் இடது கண்ணுக்கு நாற்பத்தையாயிரம் ரூபாய் என்று விலை படிந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் வெடி வைத்தபோது சில்லு தெறித்துப் போன கண். குவாரிக்காரர்கள் இருபதில் ஆரம்பித்தார்கள். அவன் மனைவி ஜெயசித்ரா எண்பதில் ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம், இரண்டு டீ, ஒரு அழுகை. எந்த இடத்தில் அழ வேண்டும் என்று அவள் முதல் நாளே தீர்மானித்து வைத்திருந்தாள். ஆனால் அழ ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அதைப் பார்த்து அவர்கள் கடைசி ஐந்தாயிரத்தை ஏற்றினார்கள்.

அவள் அப்பா தங்கசாமி ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை வாங்கி விற்றவர். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் முன்னே பேரம் முளைத்துவிடும். விற்கிறவன் வாயிலிருந்து வருவதெல்லாம் விலைதான், வேறெதுவும் கிடையாது என்பதுதான் அந்த வீட்டு வேதம். அவன் வெயிலைப் பற்றிப் பேசினாலும் விலை, பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும் விலை.

நாற்பத்தையாயிரத்தில் ஆடு வாங்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ராசாங்கம் குச்சியால் பந்தடித்து ஆடும் பில்லியர்ட்ஸ் மேசை வாங்கினான். திருச்சியில் மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து ஒரு பழைய மேசை, ஏழு குச்சி, ஒரு செட் பந்து. பெரம்பலூரில் காலேஜ்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. துறையூர் சாலையில் தகர ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மேசையைப் போட்டார்கள். ஆறு பைகளில் பந்தைத் தள்ளும் அந்த ஆட்டத்தை அவன் அங்கேதான், ஒற்றைக் கண்ணோடு கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டது மட்டுமல்ல, ஊரில் அவனை ஜெயிக்க ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. குறி பார்க்க எல்லாரும் ஒரு கண்ணை மூட வேண்டியிருக்கிறது, எனக்கு அந்த வேலை மிச்சம் என்பான்.

ஜெயசித்ரா அதைத் தொழிலாக்கினாள். ஒற்றைக் கண்ணனை ஜெயித்தால் அரை மணி நேரம் இலவசம், தோற்றால் இரட்டை வாடகை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். மாணவர்கள் வரிசையில் நின்று தோற்றார்கள். ஷெட் வாடகை, அரிசி, மகள் புவனேஸ்வரியின் பள்ளிக்கூடச் செலவு எல்லாமே அவனுடைய அந்த வலது கண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அது அவளுக்கும் தெரியும். ஆகவே அந்தக் கண்ணுக்குத் தூசி படாமல் தினமும் இரண்டு முறை ஷெட்டுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

குச்சியின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லைக்கு டிப்பு என்று பெயர். வாடிக்கைக்காரர்களின் ஆறு குச்சிகளிலும் இருந்தது ஒரே துண்டான கெட்டித் தோல். மாட்டுக்கொம்பு மாதிரி வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. ராசாங்கத்தின் சொந்தக் குச்சியில் மட்டும் மெல்லிய தோலைப் பத்து அடுக்காக ஒட்டி அழுத்திய மெத்து டிப்பு. அது சாக்பீஸ் தூளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பந்தை ஒரு நொடி கவ்விவிட்டு அனுப்பும். வெள்ளைப் பந்து போய் இடித்துவிட்டு, கூப்பிட்ட நாய் மாதிரி பின்னாலேயே திரும்பி வரும். ஆனால் செல்லப்பிள்ளைக்குரிய எல்லாத் தொல்லையும் அதற்கு உண்டு. அடிக்க அடிக்க ஓரம் குடை மாதிரி விரியும். உப்புத்தாளால் தேய்த்து ஒரு ரூபாய்க் காசின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் ஆயுசு போகும். விலை முந்நூறு ரூபாய். லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் கமாலுதீன் பாய்க்கு அவர் மச்சான் துபாயிலிருந்து கொடுத்தனுப்புவது.

முந்நூறு ரூபாய்ச் சாமான் எத்தனை நாள் உழைக்கிறது என்று பார்க்காமல் இருக்க ஜெயசித்ராவால் முடியாது. ஒரு நோட்டில் ஒட்டிய தேதியையும் பிய்த்த தேதியையும் எழுதினாள். பிய்த்த டிப்பைத் தூக்கிப் போடாமல் தீப்பெட்டியில் போட்டு வைத்தாள். முதல் டிப்பு 2004 தை மாதம் ஒட்டியது, ஆவணி வரை ஏழு மாதம் உழைத்தது. இரண்டாவது தொண்ணூற்றிரண்டு நாள். மூன்றாவது நாற்பத்தொரு நாள். நான்காவது பத்தொன்பதே நாள்.

ராசாங்கத்தின் வலது கண் போய்க்கொண்டிருந்தது. அதை முதலில் சொன்னது டாக்டரும் இல்லை, அவனும் இல்லை. அந்த நோட்டுதான் சொன்னது. அதை எழுதியவள் வியாபாரி மகளாக இருந்ததால் அதில் அவளுக்குத் தெரிந்தது சரக்குக் குறை மட்டும்தான்.

தீபாவளி வாக்கில் மேசையின் பச்சை விளிம்பு அவனுக்கு நெளிந்து தெரிந்தது. வெளிச்சம் கூசியது. ஷெட் தூசி என்று நினைத்தான். பந்தின் நடுவைக் குத்தப் போனால் நுனி வலப்பக்கம் வழுக்கி டப்பென்று சத்தம் கேட்கும். டிப்பின் ஓரம் பிரிந்து நிற்கும். டிப்பு சரியில்லை என்றான். முதலில் அதை நம்பித்தான் சொன்னான். பிறகு, அதை விட்டால் சொல்வதற்கு வேறு ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லப் பயமாக இருந்ததால் இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கொடுமை என்னவென்றால், அவன் தோற்கத் தொடங்கியதும் கூட்டம் கூடியது. ஜெயிக்க முடியாத ஆளிடம் தோற்க வருகிறவர்கள் பத்துப் பேர் என்றால், ஜெயிக்க முடிகிற ஆளை ஜெயிக்க வருகிறவர்கள் நாற்பது பேர். கல்லாவில் காசும் கொஞ்ச நாள் நிறைந்தது. கிழட்டுச் சிங்கத்தின் முதுகில் ஏற எல்லாருக்கும் ஆசை. பிறகு இலவச அரை மணிகள் பெருகி மேசை நாள் முழுக்கச் சும்மா ஓடியது. ஜெயசித்ரா வாசலில் தொங்கிய அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தாள். பிறகு தீப்பெட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினாள். அன்று ஜனவரி இருபத்திரண்டு.

கமாலுதீன் பாய் ஐம்பது வயதைத் தாண்டியவர். அத்தரும் டார்ச் லைட்டும் கம்பளியும் அடுக்கிய கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவள் நான்கு டிப்புகளையும் கண்ணாடி மேல் வரிசையாக வைத்து, நோட்டைப் பிரித்து, சாட்சியை விசாரிப்பது போல ஒவ்வொன்றின் ஆயுசையும் வாசித்தாள். முந்நூறு ரூபாய்க்குப் பத்தொன்பது நாள் என்றால் டீத்தூள்கூட இதைவிட நீடிக்கும் என்றாள். பாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்தா இது நீ மொத வாங்குனது. சுத்தி ஒரே சமமா தேஞ்சிருக்கு. இந்த மூணும் பாரு, ஒரே பக்கந்தான் பிஞ்சிருக்கு. தோலுல கொற இருந்தா நாலு பக்கமும்ல பிரியணும்?"

"மொத சரக்கு நல்ல சரக்கு. ஆளு மாட்டுனதும் கழிசல். முந்திரி மூட்டையில மேலாக்க நல்ல கொட்டயப் பரப்பி வைக்கிறது எங்கப்பாவே செஞ்சதுதான் பாய். என்கிட்டயேவா?"

பாய் சிரிக்கவில்லை. எல்லாம் ஒரே டப்பாவில் வந்தது, வேண்டுமானால் டப்பாவையே காட்டுகிறேன் என்று எடுத்து வைத்தார். அந்த டப்பாவில் டிப்பு வாங்கிய மற்ற ஊர்க்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை என்றார். மற்ற ஊர்க்காரர்கள் கணக்கு எழுதுகிறவர்களா என்று இவள் கேட்டாள்.

"அல்லா அறியச் சொல்றேன், சரக்குல ஒண்ணுமில்ல. குச்சி நடுவுல விழல. உங்க வூட்டுக்காரருக்குப் பார்வை எப்படி இருக்குது? ஒருதடவ கண்ணக் காட்டுங்களேன்."

ஜெயசித்ராவின் காதில் அது எப்படி விழுந்தது என்றால், விற்றவன் குறையை வாங்கினவன் தலையில் கட்டுகிறான். ஜெயங்கொண்டத்துச் சந்தையில் ஆயிரம் தடவை கேட்ட வாய்ப்பாடு. மூட்டை சரியாத்தான் இருந்துச்சு, உங்க வூட்டு எலிதான் சரியில்ல.

"ஒத்தக் கண்ணுன்னு குத்திக்காட்டுறீங்களா பாய்?"

குரல் உடைந்தது. பாதி பேரத்துக்காக, பாதி நிஜமாக. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. பாயின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்படிச் சொல்லலம்மா. நா அப்படிச் சொல்வேனா?" என்றார். அதற்கு மேல் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவிலிருந்து மூன்று டிப்புகளை எடுத்துக் காகிதத்தில் மடித்து அவள் முன்னால் வைத்தார். காசு வேண்டாம் என்றார். இன்னொரு தரம் அந்தப் பேச்சை எடுப்பது மரியாதையாக இராது என்று நினைத்தார். நல்ல மனிதர். வெட்கம் அவர் வாயை அடைத்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது ஜெயசித்ராவுக்கு வயிறு நிறைந்தது மாதிரி இருந்தது. தொள்ளாயிரம் ரூபாய்ச் சரக்கு இனாம். அப்பா இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். அன்று சாயங்காலமே புது டிப்பை ஒட்டினார்கள். "சண்ட போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன், இது நல்ல சரக்கு" என்று அவள் சொன்னதும் ராசாங்கம் குச்சியை வாங்கித் தடவிப் பார்த்தான். நல்ல சரக்கு என்றான். அவள் அத்தனை சந்தோஷமாக வந்து நிற்கும்போது வேறு என்ன சொல்வான்? அந்த வாரத்தில் ஒரு நாள் கண் மங்குவதை அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவன் இருந்தான். அதை அவன் பின்னால் சொன்னான்.

இனாம் டிப்பும் ஓரத்தில் பிய்ந்தது. அடுத்ததும் பிய்ந்தது. அவள் பாயைத் திட்டிக்கொண்டே எழுதினாள்.

மார்ச் ஒன்றாம் தேதி மத்தியானம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுத்துவிட்டுச் சோற்றுத் தூக்கோடு ஷெட்டுக்குள் வந்தாள். ஆள் இல்லாத நேரம். ராசாங்கம் மேசை மேல் உட்கார்ந்து, குச்சியைத் தொடையிடுக்கில் நிறுத்தி, உப்புத்தாளால் டிப்பை உருட்டிக்கொண்டிருந்தான். முகம் குச்சியைப் பார்க்கவில்லை, தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாள் டிப்பில் பட்டது பாதி, இடது கை ஆட்காட்டி விரலில் பட்டது பாதி. விரல் நுனி தோலுரிந்து, டிப்பெல்லாம் ரத்தம். வலி தெரியாமல் இல்லை. வளைவு சரியாக வந்ததா என்று அந்த விரலால்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நான்கடி தூரத்தில் நின்றாள். அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவள் கையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"யாரு?" என்றான் ராசாங்கம். "ஆட்டமா? அர மணி பொறுங்க தம்பி, டிப்பு சரி பண்ணிட்டிருக்கேன்."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சித்ரா," என்றான். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, "எத்தினி நேரமா நிக்கிற?" என்றான்.

மறுநாள் ஷெட்டைப் பூட்டிச் செலவுக்குப் பணம் புரட்டினாள். அதற்கு அடுத்த நாள் திருச்சியில், பெரிய கண் ஆஸ்பத்திரியில், வரிசையில் இரண்டு மணி நேரம். டாக்டரம்மா அவன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். பத்து நாளாகத்தான் என்று ராசாங்கம் சொன்னான். அங்கேயும் மறைக்கப் பார்த்தான். ஜெயசித்ரா நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டரம்மாவுக்கு அது என்ன நோட்டு என்று விளங்கவில்லை. ஜெயசித்ரா தேதிகளைக் காட்டிக் காட்டிச் சொன்ன பிறகு விளங்கியது.

"ஒரு கண்ணுல பலமா அடிபட்டா, ஆயிரத்துல ஒருத்தருக்கு ஒடம்பே மத்தக் கண்ணையும் பகையாளியா நெனச்சுத் தாக்க ஆரம்பிச்சிரும். வருஷம் கழிச்சுக்கூட வரும். ஆரம்பத்துல வந்தா மருந்து கேக்கும்."

"ஜனவரி இருபத்திரண்டாந்தேதி வந்திருந்தா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை துல்லியமாக யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. பாதியாவது நின்றிருக்கும், பெரிய எழுத்தைப் படிக்கிற அளவுக்கு என்றார். இனிமேல் வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் அதுவாவது தங்கும் என்றார். சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராசாங்கம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் உதடு முணுமுணுப்பது அவனுக்குக் கேட்டது.

"என்ன கணக்கு?"

"பஸ்ஸு காசுங்க."

அது பஸ் காசு இல்லை. இனாமாக வாங்கி வந்த முதல் டிப்பு, பதினேழு நாள். இரண்டாவது, பன்னிரண்டு. மூன்றாவது, ஒன்பது. ஷெட்டைப் பூட்டியது ஒரு நாள், இங்கே வந்தது ஒரு நாள். ஆக நாற்பது. பாய் கண்ணைக் காட்டச் சொன்ன ஜனவரி இருபத்திரண்டிலிருந்து மார்ச் மூன்று வரைக்கும் விரல்விட்டு எண்ணினாள். ஒன்று கூடவோ குறையவோ வரும் என்று மறுபடியும் எண்ணினாள். நாற்பதுதான். கணக்கு நேராக இருந்தது.