படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள்

மூன்றாவது தடவையும் அதே வாக்கியத்தில் நாக்கு நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது சார் தலையை ஆட்டிக்கொண்டு, பொத்தானை அமுக்கிப் பதிவைப் பின்னால் ஓட்டினார். பார்வையற்றோருக்கான அந்த நூலகத்தில், புத்தகங்களைக் குரலில் பதிகிறவர்களுக்கு இருக்கிற ஒரே சட்டம் இதுதான். தப்பாகப் படித்தால் மன்னிப்புக் கேட்கக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது. ஒரு தட்டு, அந்த வாக்கியத்தின் தலையிலிருந்து மறுபடியும். தட்டிய சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, தப்பை வெட்டி எறிந்துவிடுவார் காது சார். கேட்கிறவர்களுக்கு அப்படி ஒரு தப்பு நடந்ததே தெரியாது. வாழ்க்கையிலும் இந்த வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆரம்பத்தில் அவளே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வதில்லை.

பழைய சாமான்கள் போட்டுவைத்திருந்த மாடி அறையைத் தடுத்துச் செய்த கூண்டு அது. சுவர் முழுக்கக் கம்பளி ஒட்டியிருந்தது. சத்தம் போடும் என்பதால் மின்விசிறி கிடையாது. உள்ளே ஒரு மேஜை விளக்கு, ஒரு டம்ளர் தண்ணீர், புத்தகம், அவள். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதன் டிக் டிக் காது சாருக்குக் கேட்டுவிடும். அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் காதுதான். பக்கம் புரட்டும் சத்தத்தில் எந்தக் கை என்று சொல்வார். "காலைல ஏதோ சண்டை போட்டுட்டு வந்திருக்கீங்க, ரெண்டாவது பாரால தெரியுது" என்பார். காது சார் என்ற பெயரை வைத்தது யாரென்று தெரியாது. அவருக்கு அதில் பெருமை உண்டு. அவளுக்கு அவர் வைத்த பெயர் வாசிப்பம்மா.

புத்தகம் பழைய நாவல். எந்தத் தேசத்திலோ எழுதி, உலகமெல்லாம் படித்து, தேர்வுக்கெல்லாம் பாடமாக வைத்துவிட்டார்கள். ஒரு ரயில் பனியில் மாட்டிக்கொள்கிறது. பெட்டியில் நீதிபதி, வைத்தியர், துணி வியாபாரி, குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்று எல்லாரும் கண்ணியமான மனிதர்கள். முதலில் ரொட்டியைச் சமமாகப் பிய்த்துக்கொள்கிறார்கள். கோட்டைக் கழற்றிக் குளிர்கிறவர்களுக்குப் போர்த்திவிடுகிறார்கள். படிக்கும்போது நமக்கே மனுஷ ஜாதியில் பிறந்ததற்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும். அப்புறம் விறகு குறைகிறது. யாரோ ரொட்டி திருடுகிறார்கள் என்று பேச்சு வருகிறது. யார் என்று தெரியாததால், யாரோடும் சேராத ஒரு கிழவன் என்று முடிவாகிறது. எல்லாரும் சேர்ந்து அவனைக் கதவு வரைக்கும் நெட்டித் தள்ளுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கத்தாதவர் வயலின் ஆசிரியர் ஒருவர்தான். அவர் கதவைத் திறந்துவிட்டு, வெளியே பனியைப் பார்த்து நிற்கும் கிழவனிடம் மரியாதையாகச் சொல்கிறார்: 'படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள்.'

அந்த வாக்கியத்தைத்தான் அவளால் படிக்க முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் தண்ணீர் குடிக்கிற மாதிரிப் படித்துவிட்டுப் போயிருப்பாள். அப்போது அவளுக்குக் காய்ச்சல் வந்து, தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. நூலகத்துக்குப் போகவில்லை. அவள் எப்போதோ காது சாரிடம் தன் வீட்டு அடையாளம் சொல்லியிருந்தாள். எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, கண் தெரிகிறவர்களே குழம்புவார்கள், உங்களுக்குத்தான் சுலபம், இரும்புக் கேட்டில் நம்பர் புடைப்பாக இருக்கும், தடவிக்கொண்டே வந்தால் போதும் என்று. பேச்சுவாக்கில் சொன்னது. மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு பையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டார்.

தெரு அப்போது சரியில்லாமல் இருந்தது. சைக்கிள் போயிற்று, தண்ணீர் மோட்டார் போயிற்று, மாடியில் காயப்போட்ட துணிகூடப் போயிற்று. யாரைப் பார்த்தாலும் திருடனாகத் தெரிந்த நேரம். பொழுது சாய்கிற வேளையில் முன்பின் தெரியாத ஒருவர் ஒவ்வொரு கேட்டாகத் தடவிக்கொண்டு வருகிறார். யாரோ "யார்ரா அது?" என்று அதட்டினார்கள். காது சாருக்கு ஒரு பழக்கம். பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார், காதைத் திருப்புவார். கண் வேறு எங்கோ இருக்கும். அது தெருவுக்குத் திருட்டு முழியாகப் பட்டது. ஆட்கள் சூழ்வது தெரிந்து, பையிலிருந்து மடக்குக் குச்சியை எடுத்து உதறினார். வெள்ளைப் பூச்செல்லாம் உதிர்ந்துபோன பழைய குச்சி. 'கிளிக்' என்று அது நீண்டதும், "கம்பி எடுக்கிறான்" என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

உள் அறையில் போர்வைக்குள் கிடந்த அவளுக்கும் சத்தம் கேட்டது. வண்டி நிறுத்துகிற தகராறாக இருக்கும், வாரம் ஒரு தடவை நடப்பதுதானே என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்த கணவர் சற்று நேரம் கழித்து வந்தார். சட்டையில் ஒரு பொத்தானைக் காணவில்லை. திருடனைப் பிடித்துவிட்டார்கள், போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார். மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்து, தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். பிறகு சட்டையைத் தானே துவைத்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது துணி துவைக்கிற கணவன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று அன்றைக்கு அவள் நெஞ்சு நெகிழ்ந்தது.

அவர் தபால் அலுவலகத்தில் கவுன்டரில் உட்காருகிறவர். தெருவில் தபால்காரர் என்பார்கள், அவரும் திருத்தி அலுத்துவிட்டார். குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் "ஒவ்வொருத்தரா வாங்க, எல்லாருக்கும் ஆகும்" என்று அவர் சொன்னால் கூட்டம் தானாக வரிசையாகிவிடும். வீட்டுக்குள் பல்லி வந்தால்கூட முறத்தில் ஏந்திக்கொண்டுபோய்ச் செடியில் விடுகிற மனிதர். அவளுடைய அம்மா கடைசி வரைக்கும் மாப்பிள்ளையைப் பசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நூலகத்திலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் காது சாருக்குக் கண் தெரியாது என்பதே போலீஸுக்குத் தெரிந்ததாம். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உங்கள் தெருவாமே அம்மா, நீங்கள் ஒன்றும் கேள்விப்படவில்லையா என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றுவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான்தான் தலையில வேணாம்னு சொன்னேன். கால்ல அடிங்கன்னு சொன்னேன். இல்லன்னா அங்கயே முடிஞ்சிருக்கும்."

"நீங்க அடிச்சீங்களா?"

"எல்லாரும்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். எழுந்து கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். போலீஸ் வந்து விசாரித்தபோது தெருவே வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒருத்தர்கூட வீட்டில் இல்லையாம், எல்லாரும் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார்களாம். அவளும் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்றாள். அது உண்மைதான், அதனால்தான் சொல்வதற்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனாள். குரலால் ஆளை அடையாளம் சொல்வேன் என்று காது சார் சொன்னதற்கு, குரலெல்லாம் கோர்ட்டில் நிற்காது பெரியவரே என்று இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். அதை அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கு வந்து, சட்டையில் போன பொத்தானுக்குப் பதில் வேறொன்றைத் தைத்தாள். நிறம் கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

முன்பெல்லாம் சாயங்காலம் கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப்போக வருவார், மாடிக்கே வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் மறுநாள் பக்கங்களைப் பார்த்துவைக்க உட்காரும்போதே காது சார் கிளம்பிவிடுவார் என்பதால் இருவரும் சந்தித்துக்கொண்டதில்லை. இப்போது காது சார் கட்டைப் பிரித்துக்கொண்டு, விந்தி விந்தி வேலைக்குத் திரும்பிவிட்டார். தேங்கிப்போன பதிவை முடிக்க இருட்டும்வரை இருக்கிறார். கணவர் தெருமுனையோடு நின்றுவிடுகிறார். எதற்காக என்று அவளும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஒரே வீட்டில் அதே சோறு, அதே படுக்கை. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

"தண்ணி குடிங்கம்மா" என்றார் காது சார், ஹெட்போன் வழியாக. வெளியே மழை பிடித்துக்கொண்டது கம்பளிச் சுவரையும் மீறி லேசாகக் கேட்டது.

அவள் குடித்தாள். டம்ளர் பல்லில் பட்டது. அது அவருக்குக் கேட்டிருக்கும்.

"எனக்காகத் தயங்கறீங்கன்னா வேணாம். நான் இதைவிட மோசமான புத்தகமெல்லாம் கேட்டவன்."

இல்லை சார், வாக்கியம் நீளம், மூச்சு வாங்குகிறது என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். நான்கே சொல் உள்ள வாக்கியம் அது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அன்னிக்கிக் கத்தினவங்க குரல் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்லம்மா. கத்தும்போது எல்லாருக்கும் ஒரே குரல்தான். ஒருத்தர் மட்டும் கத்தல. 'தலையில வேணாம், கால்ல அடிங்க'ன்னார். வரிசையில நிக்கச் சொல்ற மாதிரி, அவ்ளோ நிதானம். உடனே எல்லாரும் கேட்டாங்க. ஒரு அடிகூட அதுக்கப்புறம் தலையில விழல."

அவள் கண்ணாடி வழியாக அவருடைய முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கு வராத மாணவனின் முகம்தான் இருந்தது.

"அவர் 'போதும், விட்டுடுங்க'ன்னு சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாங்க இல்ல? அதான் எனக்குப் புரியல. அந்தக் குரலைத்தான் தேடிட்டு இருக்கேன்."

"எதுக்கு சார்?"

"தெரியலம்மா. உயிர் மிஞ்சினதுக்கு நன்றி சொல்லணுமா, கால் போனதுக்குக் கேள்வி கேக்கணுமா. குரலைக் கேட்டா தெரிஞ்சிரும்னு நினைக்கிறேன்." பொத்தானில் விரலை வைத்தார். "சரி, தலையிலேர்ந்து எடுப்போம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தாள். ஒருவரும் பேசாத அந்த இரண்டு நொடிக்குள், வெளி அறைக் கதவு திறந்தது.

வாசலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அவளுடைய குடை. முழுக்க நனைந்திருந்தார், குடையை விரிக்காமலே வந்திருந்தார். மழைக்காகத்தான் மேலே வந்தாரா, வேறு எதற்காகவாவது இத்தனை நாள் சேர்த்துவைத்து இன்றைக்கு ஏறி வந்தாரா என்று அவரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நெஞ்சுக்கு நேராக அந்த நிறம் மாறிய பொத்தான். முதலில் மேஜைக்கு அடியில் நீட்டியிருந்த காது சாரின் காலைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

காது சார் ஒரு பக்கம் ஹெட்போனை விலக்கி, காதை வாசல் பக்கம் திருப்பினார்.

"யாருங்க?"

கணவர் பிடித்திருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் அவருக்குள் ஒளிந்துகொண்டு மூச்சுக் காட்டாமல் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு சொல், 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். அவர் பேசினால் எல்லாம் முடிந்துவிடும், பேசாவிட்டாலும் முடிந்துவிடும். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் கண்ணால் அவளைக் கெஞ்சினார். பேசவிடு என்று கெஞ்சினாரா, காப்பாற்று என்று கெஞ்சினாரா, அது அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மா, வாசல்ல யாரோ நிக்கறாங்க. கேட்டா வாயைத் திறக்கல. யாருன்னு பாத்துச் சொல்லுங்க."

"யாரும் இல்ல சார்" என்றாள் அவள். அவ்வளவு நிதானமாக, அவ்வளவு மரியாதையாக, குரலில் ஒரு பிசிறுகூட இல்லாமல். "கதவு காத்துல தொறந்திருக்கு."

கணவர் சத்தமில்லாமல் ஓர் அடி பின்னால் எடுத்துவைத்தார். காது சார் ஹெட்போனை மறுபடி காதில் பொருத்திக்கொண்டு, ஈரம் சொட்டும் சத்தம் படியை நோக்கி நகர்வதைக் கேட்கிறவர் மாதிரி, தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தான் சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

புத்தகத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். மைக்குக்கு முன்னால் இரண்டு கைகளையும் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டினாள்.

படிக்கட்டில் காலடி நின்றது. காது சார் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, அந்த வாக்கியம் தலையிலிருந்து மறுபடி வருவதற்காகக் காத்திருந்தார்.