செப்டம்பரில் வந்த ஒன்பது பேர்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீத வரிசைப்படிதான் நாற்காலி. தொண்ணூற்றாறு வாங்கிய ஈஸ்வரமூர்த்தி கல்வி அதிகாரிக்குப் பக்கத்தில். நாற்பத்தொன்று வாங்கிய பக்ருன்னிசா டீச்சர் கதவோரத்தில். கோவையின் பத்தொன்பது அரசாங்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் ஜூன் மாதக் கூட்டத்தில் இப்படித்தான் உட்காருவார்கள். கடைசி நாற்காலிக்கு ஒரே ஒரு மரியாதை உண்டு, டீ முதலில் அங்கேதான் வரும். 1996-இல் அந்த டீயை டீச்சர் தொடவே இல்லை. அவருடைய கிணற்று வீதிப் பள்ளியில் இனிப் பத்தாம் வகுப்பே வேண்டாம் என்று பேச்சு அடிபட்டது. அதை எடுத்துவிட்டால் தன் பிள்ளைகளை வேறு பள்ளி எதுவும் சேர்க்காது, நேராக லேத் பட்டறைதான் என்று அவருக்குத் தெரியும்.

முதல் பள்ளிக்குக் கைதட்டினார்கள். சால்வை மேசைமேல் தயாராக இருந்தது. டீச்சரும் தட்டினார், வயிற்றெரிச்சலோடு. தொண்ணூற்றாறு வந்த லட்சணம் அவருக்குத் தெரியாதா? காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு, தேறாது என்று தோன்றிய ஒன்பது பேருக்கு டி.சி. கிழித்துக் கொடுத்துவிட்டார் அந்த மனுஷன். எங்கும் இடம் கிடைக்காமல் ஒன்பதும் கிணற்று வீதி வாசலில் வந்து நின்றன. டீச்சர் சேர்த்துக்கொண்டார். வேறென்ன செய்வார்?

"அப்ப கிணத்து வீதியில பத்தாம் வகுப்பை எடுத்துடலாம்," என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம்." எழுந்தவர் ஈஸ்வரமூர்த்தி. "நேத்து கயல்விழின்னு ஒரு புள்ளை மிட்டாயோட எங்கூட்டுக்கு வந்துச்சுங்க. நீயெல்லாம் எங்க பாஸ் பண்றதுன்னு நான் டி.சி. குடுத்த புள்ளை. 'நீங்களும் என்ர வாத்தியார்தானுங்களே'ன்னு மார்க் சீட்டைக் காட்டிப்போட்டுப் போகுது. எனக்கு மிட்டாய் எறங்கலீங்க. நான் அனுப்புன ஒம்பதுல ஆறு, டீச்சரம்மாகிட்ட பாஸ் ஆயிருச்சு. எங்கிட்ட இருந்திருந்தா ஒண்ணுகூடத் தேறியிருக்காதுங்க."

நடு வரிசையிலிருந்து மருதாசலம் வாத்தியார் தலையைச் சொறிந்தார். "நானும் நாலு பேரை அங்கதானுங்க அனுப்பினேன்."

அதிகாரி பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். பேனாவை மூடினார். "சரி, பத்தாம் வகுப்பு அங்கேயே இருக்கட்டும்."

பக்ருன்னிசா டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது மாதமாக மனத்துக்குள் வசைபாடிய மனிதரை, அல்லா நல்லா வைக்கட்டும் என்று வாய் தானாக முணுமுணுத்தது. அதே வாய் கயல்விழியையும் வாழ்த்தியது. தள்ளிவிட்டவர் வீட்டுக்கு மிட்டாய் கொண்டுபோகும் மனசு எத்தனை பேருக்கு வரும்?

வெளியே வேப்பமரத்தடியில் ஈஸ்வரமூர்த்தி தயங்கி நின்றார். சால்வை கையில் இல்லை, மேசைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மன்னிச்சுப்போடுங்க, டீச்சரம்மா."

"அதெல்லாம் எதுக்குங்க சார். இன்னைக்கு நீங்க செஞ்சதை உசுரு உள்ள வரைக்கும் மறக்கமாட்டேனுங்க." டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. இனி அனுப்பறதா இருந்தா ஜூன்லயே அனுப்பிப்போடுங்க. இன்னொரு மூணு மாசம் கையில கெடைச்சிருந்தா, மிச்ச மூணையும் தேத்தியிருப்பேன்."