மூன்றாவது ஊரில் ஈரம்

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கொசு அம்மாவுக்குப் போன் போட்டாள். கொசு என்பது அப்பா வைத்த பெயர். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

"என்னடி இந்நேரத்துக்கு? காய்ச்சலா?"

"இல்லம்மா. திட்டமாட்டேன்னு சொல்லு."

"திட்டுற மாதிரி என்ன பண்ணித் தொலைச்ச?"

கொசுவுக்கு அழுகைதான் முதலில் வந்தது.

அம்மா சரக்கு விமானம் ஓட்டுபவள். ஒரே ஓட்டத்தில் நாலு ஊர் இறங்கி ஏறுவாள். அதே கம்பெனியில் அப்பாவுக்குக் கணக்கு வேலை. எந்த ஊர் ஓடுதளம் எவ்வளவு நீளம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு எடையோடு ஏறலாம், எவ்வளவு எடையோடு இறங்கலாம் என்று முந்தின நாளே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பிவிடுவார். அவர் சொன்ன எடைக்கு மேல் அவள் ஒரு மூட்டை ஏற்றமாட்டாள். "இத்தனை வருஷமா விடாம எடையக் கேக்குற ஒரே புருஷன் இவருதான்" என்று கிண்டல் வேறு.

விடிந்தால் கிளம்பப்போகிற இந்த ஓட்டத்தில் வம்பு பண்ணுவது மூன்றாவது ஊர். அங்கே ஓடுதளம் ரொம்பக் குட்டை. இரண்டாவது ஊரிலும் சரி, அங்கேயும் சரி, எரிபொருள் கிடைக்காது. அதனால் கடைசி வரைக்கும் வேண்டியதை முதல் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு, விருந்து சாப்பிட்டவன் மாதிரி கனத்த வயிற்றோடு போய் இறங்க வேண்டும். தரை காய்ந்திருந்தால் பிழைத்தோம். ஈரமாக இருந்தால் பிரேக் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடும், நிற்க இடம் போதாது. அப்போது சரக்கைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்ததைக் கொண்டுபோக மறுநாள் இன்னொரு நடை.

அந்த மறுநாள்தான் அம்மா வீட்டில் இருக்கப்போகிற ஒரே நாள். அது போனால் அடுத்த மாதம்.

சாயங்காலம் அப்பா மூன்றாவது ஊருக்கு 'ஈரம்' என்று போட்டார். திரை சிவந்தது. சரக்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, "நம்ம தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே குக்கரை இறக்கப் போனார். கொசு அந்த மேசையிலேயே வளர்ந்தவள். எங்கே எதைத் தட்டவேண்டும் என்று தெரியாதா? 'ஈரம்' இருந்த இடத்தில் 'காய்ந்தது' என்று மாற்றினாள். எல்லாம் பச்சை. எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பழையபடி மாற்றிவிடத்தான் நினைத்தாள்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். "அட! மழை விட்டுடுச்சு போல, தானா மாறிடுச்சே!" கழித்த சரக்கைத் திரும்பச் சேர்த்தார், அனுப்பினார், சீட்டியடித்துக்கொண்டே அம்மாவின் தலையணைக்கு உறை மாற்றினார். அந்தச் சீட்டியைக் கேட்ட பிறகு கொசுவுக்கு வாய் எழவில்லை.

இப்போது திக்கித் திணறி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அம்மா?"

"கணக்கு வந்ததும் பார்த்தேன்டி. அங்க மழை கொட்டுதுன்னு மத்தியானம்தான் இங்க எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தோம். காஞ்சதுன்னு பார்த்ததும் அப்பாடான்னு பையக் கட்ட உக்காந்துட்டேன்."

"காலையில திரும்பப் பார்த்திருப்பேல்ல?"

"பார்த்திருப்பேன்." அம்மா இன்னொரு தடவை சொன்னாள்: "பார்த்திருப்பேன்."

கொசு போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"போய் அப்பாவ எழுப்பு."

"நீயே சொல்லேன்மா. அவரு அடிப்பாரு."

"எழுப்புடி. நான் லைன்லயே இருக்கேன்."

கொசு சொன்னதை அப்பா பாதித் தூக்கத்தில் கேட்டார். கேட்டு முடித்ததும் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. நேரே மேசைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். கொசு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். வானிலை பார்த்தார். "இன்னும் கொட்டிக்கிட்டுதான் இருக்கு." 'ஈரம்' என்று தட்டும்போது அவர் விரல் ஒரு தடவை தவறியது. திரை மறுபடி சிவந்தது.

"கொசு பண்ணது இருக்கட்டும். வானிலையத் திறந்து பார்க்கிற வேலைய நான் அப்பவே பார்த்திருக்கணும்" என்றார் போனைப் பார்த்து. "எங்க போச்சு என் புத்தி?"

"உங்க புத்தி போன இடத்துக்குத்தான் என்னோடதும் போச்சு" என்றாள் அம்மா. "சரி, எவ்வளவு இறக்கணும்? சொல்லுங்க."

அப்பா ஒவ்வொரு ஊராக எடையைப் படித்தார். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி அத்தனை நிதானமாகப் பேசினார்கள். கடைசியில் அப்பா, "மிச்சத்துக்கு மறுநாள் ஒரு நடை" என்றார். அம்மா அதையும் திருப்பிச் சொன்னாள்: "மறுநாள் ஒரு நடை."

"அனுப்பிட்டேன்."

"வந்துடுச்சு."

கணக்கு வேலை முடிந்தது. ஆனால் போனை யாரும் வைக்கவில்லை. அம்மா தங்கியிருக்கும் அறையில் ஏதோ ஒரு விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த ஓடுதளம் எப்பக் காயும்?"

"வெயிலடிச்சா காயும்டி."

"வெயில் எப்ப வரும்?"

அப்பா வானிலைப் பக்கத்தை இன்னொரு தடவை திறந்தார். மூன்று பேரும் அது வரும்வரை காத்திருந்தார்கள்.