ஆனால் இல்லாத பெட்டி

நல்ல செய்திப் பெட்டியைத் தொடங்கி வைத்தது ஒரு ரத்த அழுத்தம். பத்திரிகை முதலாளியின் ரத்த அழுத்தம். காலையில் சொந்தப் பத்திரிகையைப் படித்தாலே தலை சுற்றுகிறது என்று அவர் மருத்துவரிடம் போய்ச் சொல்ல, அப்படியானால் படிக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதலாளி படிப்பதை விடவில்லை, பத்திரிகையை மாற்றிவிட்டார். முதல் பக்கத்தின் அடியில், வெளிர்மஞ்சளில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. உலகத்தில் எங்கேயாவது நடந்த ஒரு நல்ல காரியம் தினமும் அதில் வரவேண்டும்.

கூடவே கட்டளைகளும் வந்தன. பெட்டிக்குள் கெட்ட எண் வரக்கூடாது. கேள்விக்குறி கூடாது. "ஆனால்" என்ற சொல் மருந்துக்கும் கூடாது.

இந்தப் பாவம் கத்தரியின் தலையில் விழுந்தது. கத்தரி என்பது அவள் பெயரில்லை. முந்நூறு வரிச் செய்தியை முப்பது வரியாக வெட்டித் தரும் உதவி ஆசிரியர் என்பதால், இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ வைத்த பெயர் அது. இப்போது அவள் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நாலு மாதத்தில் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். உலகத்தில் நல்ல செய்திக்குப் பஞ்சமில்லை. வால் இல்லாத நல்ல செய்திக்குத்தான் பஞ்சம். செய்தி நிறுவனம் அனுப்பும் எதை எடுத்தாலும், நாலாவது பத்தியில் ஒரு "ஆனால்" காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு நாடுகள் போரை நிறுத்திக் கைகுலுக்கின. ஆனால் இது ஏழாவது தடவை. உயிர் காக்கும் மருந்தின் விலை பாதியானது. ஆனால் அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அந்த இடத்தில் கத்தரி வைத்து வெட்டுவதுதான் அவள் வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தாள். வாசகர்கள் உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள். ஒரு பள்ளியில் காலையில் மாணவர்களை நிற்க வைத்துப் பெட்டியைப் படிக்கச் சொல்கிறார்களாம். அந்தக் கடிதத்தை அவள் மேசையின் அடி இழுப்பறையில் போட்டு மூடினாள்.

பெட்டியின் முதல் வாசகர் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார். வராந்தாவின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பிழை திருத்துகிறவர். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால்கூடத் தாளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்; அதனால் அவர் புள்ளி. வெட்டி முடித்த செய்திதான் அவர் மேசைக்குப் போகும். வெட்டியது என்ன என்று அவருக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் பெட்டியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்ப் பேத்திக்குப் படித்துக் காட்டுவார். "உங்க பெட்டி இல்லன்னா எங்க வீட்டுல யாருக்கும் சோறு எறங்காதும்மா," என்று அவர் சொல்லும்போதெல்லாம் கத்தரி வேறு பக்கம் பார்ப்பாள்.

அன்றைக்குக் காலையில் புள்ளி வேலைக்கு வந்ததே எல்லோருக்கும் ஆச்சரியம். அவருடைய மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்பவர். போர் நடக்கும் கடல் வழியாகப் போன அந்தக் கப்பலில் குண்டு விழுந்து தீப்பிடித்துவிட்டது என்று காலைச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வீட்டுல உட்கார்ந்தா மகள் மூஞ்சியைப் பார்க்க முடியலம்மா. இங்க வந்தா நாலு பிழையாவது பார்க்கலாம்," என்றார். முன்பெல்லாம் மாப்பிள்ளையைக் கரித்துக் கொட்டாத நாளே கிடையாது. சட்டைக்கு இஸ்திரி போடத் தெரியாது, பல் விளக்கும்போது பாடுகிறான், இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தனே சாப்பிடுகிறான். அன்று ஒரு குறையும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குப் பெட்டிக் கூட்டம். ஆசிரியர், விளம்பர மேலாளர், கத்தரி, பிறகு உலகம். உலகச் செய்திப் பக்கத்தைப் பார்ப்பவனை எல்லோரும் உலகம் என்றே கூப்பிடுவார்கள். உலகம் சாப்பிடப் போயிருக்கிறது என்றால் அங்கே யாரும் திடுக்கிடுவதில்லை.

"என்ன இருக்கு இன்னைக்கு?" என்றார் ஆசிரியர்.

"ஒரு கோடீஸ்வரர் அகதி முகாமுக்குப் பத்தாயிரம் போர்வை கொடுத்திருக்கார் சார். போர்வை முழுக்க அவர் மூஞ்சிய அச்சடிச்சிருக்காங்க," என்றான் உலகம்.

"மூஞ்சி எதுக்கு நமக்கு? போர்வை கதகதப்பா இருக்கா இல்லையா?"

"அந்த ஜனங்க ஊரை விட்டு ஓடி வந்ததே அந்த ஆளு ஃபாக்டரியில செஞ்ச குண்டுக்குப் பயந்துதான்," என்றாள் கத்தரி.

ஆசிரியர் அவளைப் பார்க்காமல், "அடுத்தது?" என்றார்.

"எல்லைச் சண்டையில போன வாரம் அறுபது பேர் செத்தாங்க. இந்த வாரம் நாற்பதுதான்."

விளம்பர மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கே!"

"நாற்பது கெட்ட எண்," என்றார் ஆசிரியர்.

"அப்ப 'இருபது பேர் சாகவில்லை'ன்னு போடுங்களேன்."

அந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நல்ல யோசனை சொன்ன பெருமைதான் இருந்தது. கத்தரிக்குத் தன் எதிரில் இருந்த பிஸ்கட் தட்டைத் தள்ளி வைக்கத் தோன்றியது. தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் உலகத்தின் போன் சத்தம் போட்டது. பார்த்தவன் முகம் மாறியது. "கப்பல் செய்தி," என்றான். பிறகு வாய்விட்டுப் படித்தான். தீப்பிடித்த சரக்குக் கப்பலின் ஊழியர்கள் பத்தொன்பது பேரை மீன்பிடிப் படகுக்காரர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் எஞ்சின் அறையில் இருந்த மூன்று பேரைக் காணவில்லை. யாருடைய பெயரும் இன்னும் வெளியிடப்படவில்லை.

"கெடச்சிருச்சு!" என்று ஆசிரியர் மேசையைத் தட்டினார். "மீனவர்கள், வீரம், பத்தொன்பது உயிர். இதுதான் பெட்டி."

"சார், நம்ம புள்ளி அண்ணனோட மாப்பிள்ளை..." என்று இழுத்தான் உலகம்.

"பத்தொன்பதுல ஒருத்தரா இருப்பாரு. ஏன்யா கெட்டதையே நினைக்கறீங்க?"

"அவர் எஞ்சின் அறையில வேலை செய்றவர் சார்," என்றாள் கத்தரி. "காணாமப் போன மூணு பேரைப் போடாம இந்தச் செய்தியப் போடக் கூடாது. இது நல்ல செய்தி இல்ல. பாதிச் செய்தி."

"பத்தொன்பது வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியும்மா. அது உங்களுக்கு நல்லதாப் படலியா?"

பத்தொன்பது வீடு பத்தொன்பது வீடுதான். அந்தப் படகுக்காரர்கள் நெருப்புக்குள் கை நீட்டியதும் நிஜம். உண்மையிலேயே நல்ல ஒரு காரியம் இவர் வாயில் விழுந்ததும் எப்படி இப்படி நாறிப்போகிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

"அந்த மூணு பேரு ஏழாம் பக்கம் போகட்டும்," என்றார் ஆசிரியர்.

"ஏழு முழுக்க மெத்தை விளம்பரம் சார்," என்றார் மேலாளர்.

"அப்ப நாளைக்குப் பார்த்துக்கலாம். அதுக்குள்ள கெடச்சாலும் கெடச்சிருவாங்க."

மூன்று மனிதர்களை மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது.

கத்தரி தன் இடத்துக்கு வந்தாள். "ஆனால்" வந்த இடத்தில் வெட்டினாள். நான்கு வரி நின்றது, நல்ல வரிகள்தான். முதலில் நேரே வராந்தாக் கோடிக்குப் போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் பெட்டி அவர் மேசைக்குப் போகவேண்டும் என்று எழுந்தாள். எழுந்த கையோடு, அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். இருபது வருடப் பழக்கம், வேலை முடிந்தால் விரல் தானாக அமுக்கும். அவர் அறையில் இருக்கும் பிரிண்டர் தாளைத் துப்ப அரை நிமிடம்கூட ஆகாது. ஓடியிருக்கலாம். அவள் ஓடவில்லை. முகம் கழுவிக்கொண்டு போகலாம் என்று குழாயடிக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முகத்தைப் பத்து நிமிடம் கழுவினாள். அந்த முகம் அதனால் சுத்தமாகிவிடவில்லை.

வெளியே வந்தபோது புள்ளி அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு அவரிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"அந்தப் படகுக்காரங்க நல்லா இருக்கணும்மா! மகளுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிட்டேன். பேச்சே வரல அவளுக்கு. ஒரே அழுகை." தாளை அவள் முன்னால் விரித்தார். "ஒரே ஒரு பிழைதான். எண் பிழை. நீங்க பத்தொன்பதுன்னு போட்டிருக்கீங்க. கப்பல்ல மொத்தம் இருபத்திரண்டு பேரு. எனக்கு மனப்பாடம். 'மாமா, இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு ஃபேன்'னு அந்தத் தடியன் சொல்லாத நாள் இல்ல."

19 சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், அவருடைய மணி மணியான எழுத்தில், 22.

இத்தனை வருடத்தில் அவர் திருத்திய எண் ஒன்றுகூடத் தவறியதில்லை.

"அண்ணே," என்றாள் கத்தரி. "அது பிழை இல்லண்ணே."

"இல்லம்மா, இருபத்திரண்டுதான். நல்லாத் தெரியும்."

"இருபத்திரண்டுதான். காப்பாத்துனது பத்தொன்பது."

"மிச்சம் மூணு பேரு?" என்றார். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, கழற்றி வைக்க மறந்த சட்டை மாதிரி. "காணோம்னா நீங்க போட்டிருப்பீங்களே. பெட்டியில இல்லியே."

"பெட்டியில அதெல்லாம் போடக் கூடாதுண்ணே. நான்தான் வெட்டுவேன். தினமும் வெட்டுவேன்."

"தினமுமா?"

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் கூனிக்குறுகிப்போனாள். முதலாளி, ஆசிரியர், விளம்பர மேலாளர் எல்லோர் மேலும் வைத்திருந்த அருவருப்பு மொத்தமும் திரும்பி வந்து அவள் மேலேயே ஏறிக்கொண்டது. செய்தி நிறுவனம் அனுப்பிய முழுச் செய்தியின் தாளை எடுத்து நீட்டினாள்.

புள்ளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். பழக்கத்தில் சிவப்புப் பேனா ஒவ்வொரு வரிக்கு அடியிலும் ஊர்ந்து போனது. நாலாவது பத்தியில் நின்றது.

"எஞ்சின் அறையில மொத்தம் நாலு பேருதாம்மா," என்றார். "நாலுல மூணு."

பிறகு உட்கார்ந்தார். தான் எழுதிய 22-ஐ அடித்தார். 19 என்று எழுதினார். கடைசி வரியின் முடிவில், விடுபட்டதைச் சேர்க்கப் போடும் அடையாளத்தைப் போட்டு, ஓரத்தில் "ஆனால்" என்று தொடங்கி அந்த வாக்கியம் முழுவதையும் எடுத்து எழுதினார். முற்றுப்புள்ளி வைத்தார். வழக்கம்போலக் கீழே கையெழுத்தும் போட்டார்.

"இப்ப சரியா இருக்கு. இப்படியே அனுப்புங்க."

கத்தரி அவர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து பெட்டிக்குள் ஏற்றினாள். மஞ்சள் பெட்டியில் இடம் போதவில்லை. தலைப்பைச் சின்னதாக்கினாள், அப்போது பிடித்தது. அனுப்பினாள். ஆசிரியர் அறையிலிருந்து தன் பெயர் கத்திக் கூப்பிடப்படும் நேரத்தை அவளால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். கூப்பிடட்டும்.

முதலில் கூப்பிட்டது புள்ளியின் போன்தான். மகள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது மணிக்கு எடுத்தார். பின்னால் பேத்தி குதிக்கும் சத்தமும், யாரோ யாருக்கோ உரக்கச் சந்தோஷச் செய்தி சொல்லும் சத்தமும் கத்தரிக்கே கேட்டன.

"அம்மாடி," என்றார். "அப்பா சொன்னது நிஜந்தான்டா. பத்தொன்பது பேரைக் காப்பாத்திட்டாங்க. ஆனா..."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆனா என்னப்பா?" என்றது போன். "அப்பா? ஆனா என்ன?"

நாலு மாதத்தில் எந்த வாசகரும் கேட்காத கேள்வி அது. கத்தரி கையை நீட்டி அவரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.